பட்டறைக்குப் போகும் 13 வயதுப் பையன்: புகார் கொடுப்பதா, குடும்பத்தின் வறுமையைப் பார்ப்பதா?

கேள்வி: வியாசை_மாலைவகுப்பு

அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என்னிடம் படித்துவந்த, எட்டாம் வகுப்பில் இருக்க வேண்டிய 13 வயதுப் பையன் ஒருவன், தீபாவளி விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டு, அவனுடைய தாய்மாமன் நடத்தும் இருசக்கர வாகன மெக்கானிக் ஷெட்டில் சேர்ந்துவிட்டான். காலை ஒன்பது மணிக்குப் போனால் இரவு எட்டரை வரை அங்கேதான் இருக்கிறான். சனிக்கிழமை வாரக்கூலி நேராக அவன் அம்மாவின் கைக்குப் போகிறது. ஷெட் விடுமுறை என்றால் இன்னமும் என் வகுப்புக்கு வருகிறான். உட்கார்ந்ததும் கால்சட்டைப் பையிலிருந்து பனியன் வேஸ்ட்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்த பிறகுதான் நோட்டைத் தொடுகிறான். அப்படியும் பக்கத்தின் ஓரத்தில் கிரீஸ் ஒட்டிக்கொள்கிறது.

அவன் அப்பா பெயிண்டர். ஆகஸ்ட் மாதம் ஒரு கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறார். அம்மா இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். விபத்துச் செலவுக்காகத் தண்டலில் 20,000 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். கையில் கிடைத்தது 17,000. நாளொன்றுக்கு 200 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பாதியிலேயே கட்ட முடியாமல் போனதால், அதை அடைக்க இன்னொரு தண்டல் எடுத்திருக்கிறார்கள். பையன் வேலைக்குப் போனது அந்த வாரத்தில்தான். குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லலாமா என்று நான் பேச்செடுத்தபோது, அந்த அம்மா கோபப்படவில்லை, “தண்டல்காரர் வந்து நின்னா நீங்க பதில் சொல்வீங்களா டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

என் கேள்விகள் இவை. சொந்த மாமன் ஷெட்டில் வேலை செய்தால் சட்டம் பொருந்துமா? புகார் கொடுத்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும்? உலகில் எந்த ஏழை நாட்டை எடுத்தாலும் இதே கதைதான் என்கிறார்கள். அப்படியானால் வறுமையை ஒழிக்காமல் குழந்தை உழைப்பை மட்டும் தடை செய்வது நியாயமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.


பதில்: தண்டையார்பேட்டை_ஓய்வூதியர்

அம்மா, தொழிலாளர் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிறையாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது. ஆனால் அதே திருத்தம், குடும்பத் தொழிலில் பிள்ளை உதவி செய்யலாம் என்று ஒரு விலக்கைக் கொடுத்தது. ‘குடும்பம்’ என்பதற்குள் பெற்றோரின் உடன்பிறந்தவர்களும் வருவதால் தாய்மாமனும் அதில் அடங்கிவிடுகிறார். எனக்கு அந்த விலக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. இருந்தாலும், அது பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் செய்யும் உதவிக்கு மட்டுமே பொருந்தும்; இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை அந்த உதவியும் கூடாது என்பது விதி. ஆகவே பள்ளியை விட்டுவிட்டு இரவு எட்டரை வரை ஷெட்டில் நிற்கும் பையனுக்கு மாமன் என்ற உறவு சட்டப்படி எந்த மறைப்பும் தராது. வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். முதல் முறை என்றால் பெற்றோருக்குத் தண்டனை கிடையாது. இதை அந்த அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் புகார் என்ற சொல்லைக் கேட்டதும் வரும் பயம், தாங்களே சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதுதான்.

அந்த அபராதம் அரசின் பொதுக் கணக்கில் கரைந்துபோவதில்லை. அதற்கென்று உள்ள மறுவாழ்வு நிதியில் பிள்ளையின் பெயரில் வரவு வைக்கப்பட வேண்டும். அரசு தன் பங்குக்கு 15,000 ரூபாய் சேர்க்க வேண்டும். இதற்கு வேர் நம் மாநிலத்து வழக்கிலேயே இருக்கிறது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் இருந்த பிள்ளைகள் தொடர்பாகத் தொடரப்பட்ட எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பிள்ளையின் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டும் என்றது. பிள்ளையை வெளியே எடுத்தால் அந்த இடத்தில் பெரியவரின் வருமானம் வந்து நிற்க வேண்டும் என்பதை நீதிமன்றம் அன்றே புரிந்துகொண்டிருந்தது. அபராதப் பகுதிதான் ஓரளவு நடைமுறைக்கு வந்தது. வேலை கொடுக்கும் பகுதி ஏட்டோடு நின்றுவிட்டது என்பது என் மதிப்பீடு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் பதிவில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. அந்தத் தகப்பனார் வேலை செய்துகொண்டிருக்கும்போது விழுந்திருக்கிறார். அவரை வேலைக்கு அழைத்துச் சென்ற காண்ட்ராக்டர் இழப்பீடு கொடுத்தாரா? வேலையின்போது ஏற்படும் காயத்துக்கு வேலை கொடுத்தவர் ஈடு செய்ய வேண்டும் என்பது 1923இலேயே சட்டமாகிவிட்ட உரிமை. தினக்கூலி என்பதாலோ எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதாலோ அது இல்லாமல் போகாது. விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துறையில் மனு கொடுக்க வேண்டும். ஆகஸ்டில் நடந்தது என்றால் காலம் இருக்கிறது. மருத்துவமனையின் சேர்க்கைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, கூட வேலை செய்த ஒருவரின் சாட்சி, கூலி கொடுத்ததற்கான ஜி-பே விவரம் இருந்தால் அதுவும் உதவும். அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவரா என்பதையும் கேளுங்கள். பதிவு இருந்தால் ஊனத்துக்கான உதவி, பிள்ளைகளின் கல்விக்கான உதவித்தொகை இரண்டுக்கும் வழி உண்டு.

பணியில் இருந்த காலத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். பிள்ளை வேலைக்குப் போன வீட்டில் உட்கார்ந்து பொறுமையாக விசாரித்தால், பெரும்பாலும் அதற்குச் சில மாதங்கள் முன்னால் பெரியவர் ஒருவருக்கு வர வேண்டிய பணம் வராமல் போயிருக்கும். கூலி பாக்கி, விபத்து ஈடு, நின்றுபோன உதவித்தொகை என்று ஏதோ ஒன்று இருக்கும். பெரியவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் ஒருவர் மிச்சம் பிடித்த பணத்தை, அந்த வீட்டுப் பிள்ளை வாரக்கூலியாகச் சம்பாதித்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. இதை நாம் வறுமை என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டால், கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.


பதில்: ராயபுரம்_பொருளியல்

கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். வறுமையை ஒழிக்காமல் தடை செய்யலாமா என்ற உங்கள் மூன்றாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2025 ஜூனில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 13.8 கோடிப் பிள்ளைகள் உழைப்பில் இருக்கிறார்கள், அவர்களில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலைகளில் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 24.6 கோடியாக இருந்தது. இப்போதுள்ளவர்களில் 61 விழுக்காட்டினர் வயல், தோட்டம், கால்நடை, மீன்பிடி என்று விவசாயம் சார்ந்த வேலைகளில் இருக்கிறார்கள். நாம் கண்ணால் பார்க்கும் டீக்கடைப் பையனும் பட்டறைப் பையனும் இந்தக் கணக்கில் சிறு பகுதிதான். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 5 முதல் 14 வயது வரை உள்ளவர்களில் 1.01 கோடிப் பேர் வேலை செய்வதாகப் பதிவு செய்தது.

கௌசிக் பாசுவும் ஃபாம் ஹோங் வானும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, பெரியவர்களின் வருமானத்தில் குடும்பம் பிழைக்க முடியாதபோதுதான் பெற்றோர் பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறார்கள் என்ற எண்ணத்திலிருந்து தொடங்குகிறது. பிள்ளைகள் சந்தையில் இருப்பதாலேயே பெரியவர்களின் கூலி தாழ்கிறது. கூலி தாழ்வதாலேயே பிள்ளைகள் சந்தைக்கு வருகிறார்கள். இந்த வட்டத்தை எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் அறுத்தால் பெரியவர் கூலி உயர்ந்து, தடை தானாகவே நிலைத்துவிடலாம். அரைகுறையாக அறுத்தால் எதிர்விளைவு வரலாம் என்பதற்கு நம் நாடே சான்று. 1986 சட்டத்தின் விளைவைப் பின்னாளில் ஆராய்ந்த பொருளியலாளர்கள், சட்டத்துக்குப் பிறகு பிள்ளைகளின் கூலி குறைந்ததையும், அந்த இழப்பை ஈடுகட்ட ஏழைக் குடும்பங்கள் மேலும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியதையும் கண்டார்கள். வங்கதேசத்திலும் ஓர் எதிர்விளைவு வந்தது. பிள்ளைகள் தைத்த ஆடைகளை இறக்குமதி செய்யக் கூடாது என்ற மசோதா அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்டபோது, அது சட்டமாவதற்கு முன்பே ஆலைகள் பயந்துபோய் பல்லாயிரம் பிள்ளைகளை ஒரேயடியாக வெளியேற்றின. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை; கல் உடைக்கவும் தெருவில் பொருள் விற்கவும் போனார்கள். 1995இல் யுனிசெஃபும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் ஆலை உரிமையாளர் சங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கையில்தான் பள்ளியும் உதவித்தொகையும் சேர்ந்தே வந்தன.

மாறாக, வியட்நாமில் 1990களில் அரிசி ஏற்றுமதிக்கான கட்டுப்பாடுகள் தளர்ந்து விலை உயர்ந்தபோது, நெல் விளைவித்த வீடுகளில் வருமானம் கூடி, பிள்ளைகளின் உழைப்பு குறைந்தது. மெக்சிகோவில் 1997லும் பிரேசிலில் 2003லும் பெரிய அளவில் தொடங்கிய திட்டங்கள், பிள்ளை பள்ளிக்கு வந்தால் தாயின் கையில் பணம் என்ற முறையில் பள்ளி வருகையை உயர்த்தின.

தங்கள் மாணவனின் நிலைமைக்கு மிக நெருக்கமாக நான் கருதுவது தான்சானியாவில் நடந்த ஆய்வு. அங்கே விளைச்சல் திடீரென்று பாழானபோது பிள்ளைகளின் வேலை நேரம் கூடியது. ஆனால் கைவசம் சொத்து வைத்திருந்த வீடுகள், அதை வைத்துச் சமாளித்துக்கொண்டதால், பிள்ளைகளை அந்த அளவுக்கு இழுக்கவில்லை. அடி விழும் நாளில் நியாயமான வட்டிக்குப் புரட்டக்கூடிய பணம் இருக்கிறதா என்பதுதான் இரண்டு வீடுகளையும் பிரிக்கிறது. காசிமேட்டில் இதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுத் தொழிலாளியின் வருமானம் நிற்கிறது. பள்ளிகள் திறந்து, நோட்டும் சீருடையும் பீஸும் கேட்கப்படுவதும் அதே ஜூனில்தான். அரசின் தடைக்கால நிவாரணம் கிடைத்தாலும் இரண்டு மாத வட்டிக்கே அது சரியாகிவிடுகிறது. ஐஸ் பெட்டி தூக்கவும் இறால் உரிக்கவும் விடுமுறையில் ‘சும்மா’ போன பிள்ளைகளில் சிலர் அப்படியே தங்கிவிடுகிறார்கள்.

தங்கள் கேள்விக்கு என் விடை: தடை வேண்டும், ஆனால் அந்த வீட்டுக்குள் அடி விழுந்த வாரத்திலேயே பணம் போக வேண்டும். ஓராண்டு கழித்து வரும் உதவி, பள்ளிப் பழக்கம் விட்டுப்போன பிள்ளையை எளிதில் திருப்பிக்கொண்டு வராது.


பதில்: கொருக்குப்பேட்டை_லேத்

பெரியவர்கள் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் இரண்டு பதிலிலும் வேலைக்கு வைப்பவரைப் பற்றிப் போதிய பேச்சு இல்லை என்பது என் ஆதங்கம். நான் 12 வயதில் லேத் பட்டறைக்குப் போனவன். இப்போது சொந்தமாகப் பட்டறை நடத்துகிறேன்.

பிள்ளையை வைப்பவர் இரக்கத்தால் வைப்பதில்லை. பெரிய ஆளுக்கு நாள் கூலி கொடுக்க வேண்டும், டீ பேட்டா கொடுக்க வேண்டும், ஒரு சொல் அதிகமாகப் பேசினால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார். பையன் எங்கும் போக மாட்டான். கடைக்குப் போவான், பெருக்குவான், ஸ்பேனர் எடுத்துக்கொடுப்பான், அடித்தாலும் வீட்டில் சொல்ல மாட்டான். சௌகார்பேட்டைப் பக்கம் நகைப் பட்டறைகளிலும் பை தைக்கும் இடங்களிலும் பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் அழைத்துவரப்பட்ட பிள்ளைகள் மீட்கப்பட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். ஊரில் தாய் தகப்பனிடம் ஏஜெண்ட் முன்பணம் கொடுத்துவிட்டு வருவார். அந்தக் கடன் தீரும்வரை பிள்ளை இங்கே தூங்குவதும் தின்பதும் வேலை செய்வதும் ஒரே அறையில் நடக்கும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வர வேண்டிய குற்றம் இது. அங்கே வறுமை இருப்பது உண்மை. அந்த வறுமையைத் தேடிப்போய் விலை பேசியவர் ஒருவரும் இருக்கிறார்.

தொழில் கற்றுக்கொள்கிறான், கெட்டா போய்விடுவான் என்று அந்த மாமன் சொல்வார். நானும் கற்றுக்கொண்டேன். காதால் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு கம்பெனியிலிருந்து ஜாப் வந்தால் டிராயிங்கைப் பார்த்து அளவு கணக்கிடவும், கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினுக்கு புரோகிராம் போடவும் இன்றும் டிப்ளமா முடித்த பையன் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன். திரிகோணமிதி ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் வருகிறது. நான் அந்த வகுப்பில் உட்காரவே இல்லை. உங்கள் மாணவனுக்கு வண்டி வேலையில் உண்மையாகவே ஆசை இருந்தால், எட்டாம் வகுப்பு தேர்ச்சியோடு ஐ.டி.ஐ.யில் சில பிரிவுகளிலும், பத்தாம் வகுப்பு தேர்ச்சியோடு மோட்டார் மெக்கானிக் பிரிவிலும் சேரலாம்; அரசு ஐ.டி.ஐ. வடசென்னையிலேயே இருக்கிறது. இப்போது வருகிற எலெக்ட்ரிக் வண்டிகளைப் பாருங்கள். பேட்டரி, கன்ட்ரோலர், சாஃப்ட்வேர் என்று போய்விட்டது. கார்பரேட்டர் கழற்றக் கற்றுக்கொண்டவன் இருபது வயதில் என்ன செய்வான்?

மாமனிடம் நேராகப் பேசுங்கள், தங்கச்சி. ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உண்மையாகவே அக்கா குடும்பத்துக்கு உதவ நினைத்தால், வாரக்கூலியாகக் கொடுக்கும் தொகையை அக்காவிடம் கைமாற்றாகக் கொடுக்கட்டும். இழப்பீடு வந்ததும் கழித்துக்கொள்ளட்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் 1098க்குச் சொல்லத் தயங்க வேண்டாம். உங்கள் பெயரை வெளியிட மாட்டார்கள்.


வியாசை_மாலைவகுப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இழப்பீடு என்ற வழி இருப்பதே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மருத்துவமனைச் சீட்டுகள் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் பத்திரமாக இருக்கின்றன. நலவாரிய அட்டையும் இருக்கிறது, புதுப்பிக்கப்படவில்லை. காண்ட்ராக்டர் பக்கத்துத் தெருக்காரர், பின்னாலும் வேலை வேண்டுமே என்று அப்பா தயங்குகிறார். அவர் தயக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். இழப்பீட்டு மனு முடிய மாதக்கணக்கில் ஆகும் அல்லவா? அதுவரை வீட்டுக்கு வழி என்ன? இத்தனை வாரம் வராத பையனைப் பள்ளியில் மறுபடியும் சேர்த்துக்கொள்வார்களா, பெயரை எடுத்திருப்பார்களா?


பதில்: மாநகராட்சி_ஆசிரியை

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பெயரை எடுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்றோ, ஆண்டின் நடுவில் வந்தான் என்றோ திருப்பி அனுப்பவும் கூடாது. வயதுக்குரிய வகுப்பிலேயே உட்கார வைத்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனியாகப் பயிற்சி தர வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது: சொல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராத பிள்ளையைப் பற்றித் தலைமையாசிரியர் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2017இல் வந்த விதி. ஆகவே பள்ளிக்கும் இதில் பொறுப்பு உண்டு. தலைமையாசிரியரிடம் கடிதமாகவே கொடுங்கள், நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதுவரை வீட்டுக்கு வழி என்று கேட்டீர்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பெற்றோரால் உடலாலும் பணத்தாலும் கவனிக்க இயலாத பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. நகரத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். தகப்பனாரின் மருத்துவச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் அட்டை நகல், பையனின் படிப்புச் சான்று, வங்கிக் கணக்கு இவற்றைத் தயாராக வைத்திருங்கள். படிப்புச் சான்று வேண்டும் என்றால் அவன் முதலில் பள்ளியில் இருக்க வேண்டும். எனவே சேர்க்கையை முன்னால் முடித்துவிட்டு அதே வாரத்தில் மனுவைக் கொடுங்கள். நலவாரிய அட்டையைப் புதுப்பிக்கும் வேலையை இ-சேவை மையத்திலேயே செய்யலாம்.

ஒன்றை மட்டும் வகுப்பறையிலிருந்து சொல்கிறேன். திரும்பி வரும் பிள்ளை விலகுவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில்தான். பின்வரிசையில் உட்கார்ந்து, எல்லாருக்கும் புரிந்தது தனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வான். கணக்கில்தான் அது முதலில் தெரியும். இயற்கணிதத்தில் அவர்கள் எந்தப் பயிற்சியில் இருக்கிறார்கள் என்று அவன் வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, அவன் பள்ளிக்குப் போகும் முதல் நாளுக்கு முன்பே உங்கள் மாலை வகுப்பில் அதைத் தொடங்கிவிடுங்கள். தண்டல் பாக்கி எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று அந்த அம்மாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அசலுக்கு மேல் எவ்வளவு போயிருக்கிறது என்பது தெரிந்தால், அதீத வட்டியைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லி அந்தத் தண்டல்காரரிடம் தவணையைக் குறைத்துப் பேச முடியும். பேசும்போது தனியாகப் போகாதீர்கள். ஓய்வூதியர் ஐயா தண்டையார்பேட்டையில்தான் இருக்கிறார், அவர் சம்மதித்தால் அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.


பதில்: தண்டையார்பேட்டை_ஓய்வூதியர்

வருகிறேன் அம்மா. இழப்பீட்டு மனுவையும் நானே எழுதித் தருகிறேன். அந்த மஞ்சப்பையை அப்படியே எடுத்துவரச் சொல்லுங்கள். எந்தச் சீட்டையும் வேண்டாததென்று இப்போதே கழிக்க வேண்டாம். காண்ட்ராக்டரிடம் முதலில் கடிதம்தான் அனுப்புவோம். வழக்கு வேண்டாம் என்று அவரே தொகை பேச வந்தாலும், ஒப்புக்கொண்டதைத் தொழிலாளர் துறை முன்னிலையில் எழுதிப் பதிவு செய்யாமல் தகப்பனார் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.